பாரிசவாதம் வந்து நெடுநாள் கழிந்த பிறகு உடலசைவு வீடியோ கேம் பயன் தருமா? (விவாத இழை)

மஸ்கெலியா மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து இரண்டு வருடங்கள் கடந்துவிட்டன. வயது 63. தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் பக்கம் வேலை செய்தவர். பாதிக்கப்பட்டது வலது பக்கம். பேச்சு பெரும்பாலும் திரும்பிவிட்டது. கைத்தடியோடு வீட்டுக்குள் தனியாக நடக்கிறார். ஆனால் லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடு) பாதைக்கு இறங்கும் படிகளில், அதுவும் மழை பெய்திருந்தால், யாராவது ஒருவர் பிடித்துக்கொண்டே ஆகவேண்டும். வலது கையைத் தோள் மட்டம் வரை உயர்த்துவார். விரல்கள் மடங்கும், திறப்பதுதான் பெரும்பாடு.

முதல் சில மாதங்கள் வைத்தியசாலையில் இயன்மருத்துவம் (பிசியோதெரபி) நடந்தது. பிறகு பயிற்சிகள் வரைந்த ஒரு தாளைக் கொடுத்து, இனி வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்தத் தாள் இன்னும் சுவரில் இருக்கிறது. அப்பா அதைப் பார்ப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார். ‘இனி இவ்வளவுதான்’ என்கிறார்.

கொழும்பில் வேலை செய்யும் தம்பி, பழைய நின்டெண்டோ வீ (கையில் பிடிக்கும் கருவியை வீசி விளையாடுவது) அல்லது கினெக்ட் (கையில் எதுவும் பிடிக்காமல், உடலசைவைக் கமரா பார்ப்பது) ஒன்று வாங்கி அனுப்புகிறேன், அப்பா டீவி முன்னால் கையை வீசி விளையாடட்டும் என்கிறான். இரண்டு வருடம் கழித்து இதனால் பலன் உண்டா, ஏதேனும் கெடுதல் வருமா, எங்கள் காம்பராவின் (அறையின்) அளவுக்கு எது ஒத்துவரும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பண்டாரவளை இயன்மருத்துவர் எழுதியது:

தங்கச்சி, உங்கள் அப்பா சொல்லும் அந்த ‘இவ்வளவுதான்’ என்பதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மருந்தை விடவும் கருவியை விடவும் முதலில் மாறவேண்டியது அந்த முடிவுதான். பாரிசவாதம் வந்த முதல் சில மாதங்களில் மூளை தானாகவும் ஓரளவு மீளும் என்பதால் அப்போது முன்னேற்றம் வேகமாகத் தெரியும். பிறகு வேகம் குறைகிறதே தவிர கதவு மூடிவிடுவதில்லை. லண்டனின் குயீன் ஸ்குயரில் கைக்கென்றே நடத்தப்படும் ஒரு மறுவாழ்வுத் திட்டத்தில், 3 வாரங்களில் 90 மணித்தியாலப் பயிற்சி பெற்ற 224 பேரின் விவரம் 2019-இல் வெளியானது. அவர்களில் பாதிப் பேருக்குப் பாரிசவாதம் வந்து ஏறத்தாழ ஒன்றரை வருடமோ அதற்கு மேலோ ஆகியிருந்தது. இருந்தும் கையின் செயல்திறன் கூடியது, ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. அந்த 90 மணித்தியாலம் நமக்கு எங்கே கிடைக்கும் என்பது வேறு கேள்வி. காலம் கடந்த கை மீளவே மீளாது என்ற நம்பிக்கைக்கு மட்டும் இது போதிய பதில்.

இரண்டாவது, எத்தனை தடவை அசைக்கிறார் என்பது. அமெரிக்காவிலும் கனடாவிலும் சிகிச்சை நேரங்களைக் கூடவே இருந்து கவனித்து எண்ணிய ஓர் ஆய்வு 2009-இல் வந்தது. கைக்கான ஒரு சிகிச்சை நேரத்தில், பயன்பாட்டு அசைவுகள் சராசரியாக 32 தடவைதான் நடந்திருந்தன. விலங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளிலோ, மூளையில் மாற்றம் தெரிவதற்கு ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவைகள் தேவைப்பட்டன. வசதி படைத்த நாடுகளிலேயே இதுதான் நிலை என்றால், மாதத்துக்கு ஒரு தடவை கிளினிக் வந்துபோகும் நம் மக்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். வீடியோ கேமின் பெறுமதி இங்கேதான் இருக்கிறது: சுவரிலுள்ள தாளைப் பார்த்துப் பத்துத் தடவை கையைத் தூக்கச் சலித்துக்கொள்பவர், பந்து வருகிறது என்றால் ஐம்பது தடவை தூக்குவார்.

மூன்றாவது, பயன்படுத்தாமல் விட்ட கை மேலும் பயன்படாமல் போகும் பழக்கம். இடது கையால் சாப்பிடவும் சட்டை போடவும் பழகிவிட்டவருக்கு, வலது கையில் மிச்சமிருக்கும் பலமும் மறந்துபோகிறது. உங்கள் அப்பாவுக்குத் தோள் மட்டம் வரை கை உயர்கிறது, விரல் மடங்குகிறது என்றால், வேலை செய்து பார்க்கப் போதிய அசைவு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஆய்வுகள் சொல்வதையும் உள்ளபடியே சொல்லிவிடுகிறேன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் 2017 மீளாய்வு, மெய்நிகர் முறைகளையும் வீடியோ கேம்களையும் பற்றிய 72 பரிசோதனைகளை, மொத்தம் 2470 பேரின் தகவல்களோடு ஒன்றுசேர்த்துப் பார்த்தது. வழமையான சிகிச்சைக்குப் பதிலாக இதைக் கொடுத்தபோது கையின் செயல்திறனில் பெரிய வித்தியாசம் இல்லை. வழமையான சிகிச்சைக்கு மேலதிகமாக இதைச் சேர்த்து, மொத்தப் பயிற்சி நேரத்தைக் கூட்டியபோது பலன் தெரிந்தது. மொத்தம் 15 மணித்தியாலத்தைக் கடந்த பயிற்சிகளில் பலன் கூடுதல் என்ற ஒரு சாய்வும் காணப்பட்டது. அது உறுதியான முடிவு என்று சொல்லும் அளவுக்கு இல்லை. நடை வேகம், சமநிலை ஆகியவற்றைப் பொறுத்தவரை முடிவு சொல்லச் சான்று போதாது என்றே எழுதியிருந்தார்கள். ஆகவே ஏற்கெனவே செய்வதை நிறுத்திவிட்டு இதைச் செய்யவேண்டாம். அதன் மேல் இதையும் சேருங்கள்.

---

கண்டி வாசகன் எழுதியது:

மேலே அக்கா எழுதியதை மதிக்கிறேன். ஆனாலும் தோட்டத்துக் குடும்பமொன்று கடன்பட்டு இயந்திரம் வாங்குவதற்கு முன் மறுபக்கத்தையும் அறிந்திருக்கவேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

எவ்ரெஸ்ட் என்ற பெயரில் கனடா, ஆர்ஜென்டினா, பெரு, தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் நடந்த பரிசோதனை 2016-இல் வெளியானது. 141 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை வீ இயந்திரத்தில் விளையாட வைத்தார்கள். மற்றவர்களுக்குச் சீட்டு, பிங்கோ, மரத்துண்டுகளை அடுக்கி உருவும் விளையாட்டு, பந்து போன்றவற்றைக் கொடுத்தார்கள். இரண்டு வாரம், பத்து அமர்வு, ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். முடிவில் இரு பகுதியினரும் முன்னேறினார்கள். வீ விளையாடியவர்கள் கூடுதலாக முன்னேறவில்லை. இங்கிலாந்தில் 240 பேரை வைத்து, வீட்டிலேயே ஆறு வாரம், நாளுக்கு 45 நிமிடம் செய்த இன்னொரு பரிசோதனை 2017-இல் வந்தது. அங்கே வீ ஒரு பக்கம், அவரவருக்கென்று வகுத்துக் கொடுத்த கைப்பயிற்சி மறுபக்கம். கையின் செயல்திறன் இரண்டிலும் ஒரே மாதிரி. வீ வழிக்குச் செலவு கூடுதல்.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது என்னவென்றால், சீட்டுக்கட்டும் வீ இயந்திரமும் சமம் என்றால், நம் ஒவ்வொரு தோட்டத்து வாசிகசாலையிலும் கிடக்கும் கெரம் பலகையும் அதே வேலையைச் செய்யக்கூடும். ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவதற்கு மடங்கிய விரலை நீட்டவேண்டும். மகளின் அப்பாவுக்கு வராத அசைவு துல்லியமாக அதுதானே? பணத்தைக் கிளினிக் போய்வர வான் கூலிக்கு வைத்திருப்பது நல்லது.

---

பண்டாரவளை இயன்மருத்துவர் எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்ன இரண்டு ஆய்வுகளும் சரி, எண்களும் சரி. கெரம் யோசனையை நான் முழு மனதோடு ஏற்கிறேன்; விரல் நீட்டலுக்கு அதைவிட மலிவான பயிற்சியை நானும் காணவில்லை. ஆனால் அந்த ஆய்வுகளை இந்த வீட்டுக்குக் கொண்டுவரும்போது இரண்டு விடயங்களைக் கவனிக்கவேண்டும்.

முதலாவது, எவ்ரெஸ்டில் சேர்க்கப்பட்டவர்கள் பாரிசவாதம் வந்து மூன்று மாதத்துக்குட்பட்டவர்கள். இங்கிலாந்து ஆய்விலும் ஆறு மாதத்துக்குட்பட்டவர்கள். தானாக மீளும் காலம் அது. வருடக்கணக்கில் ஆனவர்களையும் சேர்த்து சிட்னியில் நடந்த சிறிய ஆய்வொன்று 2015-இல் வந்தது. 41 பேரில் ஒரு பகுதியினருக்கு, கற்றுத்தந்து கூடவே நின்று கவனிக்கும் வீ பயிற்சி. மற்றவர்களுக்கு நல்ல கையைக் கட்டுப்படுத்தி, பாதிக்கப்பட்ட கையை மட்டும் வேலை வாங்கும் முறை. பின்னது நெடுநாள் நோயாளர்களுக்கு ஏற்கெனவே பலனுள்ளது என்று நிறுவப்பட்ட, கடினமான சிகிச்சை. இரண்டிலும் முன்னேற்றம் ஏறத்தாழ ஒரே அளவு.

இரண்டாவது, ‘சமம்’ என்று சொல்லும்போது எதற்குச் சமம் என்று பார்க்கவேண்டும். அந்த ஆய்வுகளில் மறுபக்கத்தில் இருந்தவர்களும் தினமும் ஒழுங்காக எதையோ செய்துகொண்டிருந்தார்கள். மஸ்கெலியாவில் இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரோடு எந்த ஆய்வும் வீயை ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் ஒன்றே என்று சொல்லவில்லை. கெரமில் அவர் உட்காருவாரானால் கெரம் போதும். கெரம் பலகையில் உட்கார மறுத்து, பேரப்பிள்ளையோடு டீவி முன்னால் நிற்பாரானால் அதுவே அவருக்கான வழி. எதை அவர் நாளையும் மறுநாளும் செய்வார் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் இங்கே முதல் வேலை. அதை வைத்தியசாலையிலிருந்து எங்களால் செய்யமுடியாது, வீட்டிலுள்ளவர்களால்தான் முடியும்.

---

தலவாக்கலை ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

மகள், எனக்கும் பாரிசவாதம் வந்தது, இடது பக்கம். ஆறு வருடத்துக்கு மேலாகிறது. கண்டியிலுள்ள என் மருமகன் வீட்டில், ஏறி நிற்கும் பலகையோடு கூடிய வீ இயந்திரம் இருந்தது. அங்கே தங்கியிருந்த காலத்தில் அதில் பழகினேன். நோயாளியின் பக்கத்திலிருந்து சில விடயங்களைச் சொல்கிறேன்.

அந்தப் பலகையில் நின்றால் உங்கள் பாரம் எந்தக் காலில் எவ்வளவு விழுகிறது என்பதைத் திரையில் ஒரு புள்ளியாகக் காட்டும். நான் நேராக நிற்கிறேன் என்று முழு நம்பிக்கையோடு நின்றபோது, அந்தப் புள்ளி வலது பக்கம் வெகுதூரம் தள்ளி நின்றது. அதுவரை என் மனைவியும் இயன்மருத்துவரும் ‘இடது காலில் ஊன்றுங்கள்’ என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்கள். ஊன்றிக்கொண்டுதானே இருக்கிறேன் என்று நான் கோபப்பட்டிருக்கிறேன். அந்தப் புள்ளியைக் கண்ணால் கண்ட பிறகுதான், இடது பக்கம் சாய்வதென்றால் எவ்வளவு சாயவேண்டும் என்று என் உடம்புக்கு விளங்கியது. அப்படிச் சாயும்போது விழப்போகிறேன் என்ற பயம் வயிற்றைக் கவ்வும். பக்கத்தில் மேசையைப் பிடித்துக்கொண்டுதான் செய்தேன்.

களைப்பைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வெளியில் பார்ப்பவர்களுக்குப் பத்து நிமிட விளையாட்டு. ஆனால் கண்ணும் காதும் கையும் காலும் ஒருசேர வேலை செய்வதால் அதற்குப் பிறகு மூளைக்கு வரும் அசதி, வேறு எந்த அசதி மாதிரியும் இல்லை. அப்பா நடுவில் எழுந்து போய்விட்டால் சோம்பல் என்று எண்ணவேண்டாம். டீவி சத்தத்தைக் குறைத்து, அறையில் வேறு பேச்சில்லாமல் வைத்திருந்தால் கூடுதல் நேரம் தாங்கலாம்.

இன்னொன்று, மானம். பிள்ளைகள் விளையாடுவதை நான் விளையாடவேண்டுமா என்ற எண்ணம் எனக்கு நெடுநாள் இருந்தது. தொழிற்சாலையில் வேலை செய்தவருக்கும் இருக்கும். ‘விளையாடுங்கள்’ என்று சொல்லாமல், சின்னவனோடு சேர்ந்து ஆட ஒரு ஆள் தேவைப்படுகிறது என்று கூப்பிட்டுப் பாருங்கள்.

---

தோட்ட மருத்துவ உதவியாளர் எழுதியது:

நல்ல விவாதம். பாதுகாப்பு பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனென்றால் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து டிஸ்பென்சரிக்குத் தூக்கி வரப்படுபவர்களை முதலில் பார்ப்பது நாங்கள்.

நெடுநாள் நோயாளர்கள் பத்துப் பேரை வைத்து நெதர்லாந்தில் அளந்தபோது, வீ டென்னிஸ் விளையாடுகையில் உடல் செலவழிக்கும் சக்தி ஓய்விலிருக்கும்போது செலவாவதைப் போல 3.7 மடங்கும், குத்துச்சண்டையில் 4.1 மடங்கும் இருந்தன. அது மிதமான உடற்பயிற்சியின் அளவு. இதயத்துக்கு நல்லதுதான். ஆனால் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர் மாத்திரையை விட்டுவிட்டு இதைச் செய்யக்கூடாது. தொடங்குவதற்கு முன் சில நாட்கள் டிஸ்பென்சரியில் பிரஷர் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வாக இருக்கும்போதே மேல் எண் 200-ஐயோ கீழ் எண் 110-ஐயோ தாண்டினால் பயிற்சி வேண்டாம் என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கும் எல்லை. உங்கள் வைத்தியர் இதைவிடக் குறைவாக ஓர் எல்லை சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

பாரிசவாதத்துக்குப் பிறகு வலிப்பு வந்தவரானால் மின்னி மின்னி வரும் திரை விளையாட்டுகளை வைத்தியரிடம் கேட்காமல் தொடவேண்டாம். தோள் மூட்டு இறங்கியிருந்தாலோ, கையை உயர்த்தும்போது தோளில் குத்துவலி வந்தாலோ, வீசும் விளையாட்டுகளை நிறுத்திவிட்டு இயன்மருத்துவரிடம் காட்டுங்கள். வலிக்கும் கையை வீட்டிலுள்ளவர்கள் பிடித்து இழுத்து உதவி செய்வது நன்மை போலத் தெரியும். தோளைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான்.

நம் காம்பராக்களில் சீமெந்துத் தரை, மழைக்காலத்தில் ஈரம் கசியும். பாய், கம்பளத் துண்டு எதையும் காலடியில் விடவேண்டாம். முதலில் உட்கார்ந்தே விளையாடட்டும். நிற்கும் நிலை வரும்போது, பின்னால் சுவரோடு ஒட்டிய கனமான நாற்காலி, பாதிக்கப்பட்ட பக்கத்தில் ஓர் ஆள். விளையாட்டின் நடுவே வாய் கோணினாலோ, கை தளர்ந்து விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, களைப்பாக இருக்கும் என்று படுக்க வைக்காமல் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

---

அட்டன் மின்னணுக் கடை எழுதியது:

அக்கா, எது வாங்குவது என்ற கேள்விக்கு என் பங்கு. லயத்துக் காம்பரா பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. கட்டில், அலமாரி போக மிஞ்சும் இடம் குறைவு. எக்ஸ்பாக்ஸ் 360 கினெக்ட், ஓர் ஆளை ஒழுங்காகப் பார்ப்பதற்கு 1.8 மீற்றராவது தள்ளி நிற்கவேண்டும், கிட்டத்தட்ட ஆறடி. இருவர் என்றால் இன்னும் கூடுதல். உட்கார்ந்திருப்பவரையோ, பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பவரையோ அது பல நேரம் குழப்பிக்கொள்ளும். கையில் எதையும் பிடிக்கத் தேவையில்லை என்பது அதன் பெரிய நன்மை. விரல் மடங்கவே மடங்காதவர்களுக்கு அதுதான் பொருத்தம். ஆனால் கினெக்ட் உற்பத்தி 2017-இல் நின்றுவிட்டது, வீயும் அதற்கு முன்பே நின்றுவிட்டது; எதை வாங்கினாலும் பழையதுதான்.

வீ வாங்குவதானால் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பாருங்கள். யப்பானிலிருந்து வந்தால் அதன் மின்சார அடப்டர் 100 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் எரிந்துவிடும். இயந்திரத்துக்குள் போவது 12 வோல்ட் என்பதால், 230 வோல்ட்டுக்குரிய வீ அடப்டரைத் தனியாக வாங்கினால் போதும். டிஸ்க்கும் அப்படித்தான்: யப்பான் இயந்திரத்தில் ஐரோப்பிய டிஸ்க் ஓடாது, எழுத்தும் யப்பான் மொழியில் இருக்கும். புதிய டீவியில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் துளைகள் இல்லையென்றால் எச்டிஎம்ஐக்கு மாற்றும் சிறிய கருவி வேண்டும். கைக் கருவிக்கு இரண்டு டபிள் ஏ பட்டரி, ஏறி நிற்கும் பலகைக்கு நான்கு. திரும்பச் சார்ஜ் செய்யக்கூடியதை வாங்கினால் செலவு மிஞ்சும். கைக் கருவியின் வாரை மணிக்கட்டில் மாட்டாமல் ஒருபோதும் வீசவிடாதீர்கள்.

---

மஸ்கெலியா மகள் எழுதியது:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. தம்பியின் நண்பர் ஒருவர் வீயைச் சில வாரம் இரவலாகக் கொடுத்திருக்கிறார், பலகை இல்லாமல். ஆசிரியர் ஐயா சொன்னபடி அக்காவின் மகன் அப்பாவைக் கூப்பிட்டான். அப்பா வந்து உட்கார்ந்தார்.

ஒரு சிக்கல். பந்தை உருட்டிக் குச்சிகளை விழுத்தும் போலிங் விளையாட்டில், கருவிக்கு அடியிலுள்ள பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு கையை வீசி, சரியான நேரத்தில் பொத்தானை விடவேண்டும். அப்பாவால் அழுத்த முடிகிறது, விட முடியவில்லை. கையை வீசும்போது விரல்கள் இன்னும் இறுகிக்கொள்கின்றன. பந்து கையிலேயே நிற்க, பேரன் சிரிக்க, அப்பாவுக்கு முகம் சுருங்கிவிடுகிறது. டென்னிஸில் மாறாக நன்றாக அடிக்கிறார், புள்ளிகளும் வருகின்றன. ஆனால் கூர்ந்து பார்த்தால் அவர் தோளோ முழங்கையோ அசைவதாகத் தெரியவில்லை. உடம்பை முன்னால் வெட்டியிழுத்து, மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டுகிறார். இது பயிற்சியாகுமா?

---

பண்டாரவளை இயன்மருத்துவர் எழுதியது:

தங்கச்சி, இதைக் கவனித்து எழுதியதற்கு நன்றி. வீட்டில் நடக்கும் வீ பயிற்சியின் மிகப் பெரிய குறையை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். அந்தக் கைக் கருவிக்குள் இருப்பது, அந்தக் கருவி எப்படி அசைகிறது என்பதை மட்டும் அறியும் உணரி. அது தோளிலிருந்து வந்த வீச்சா, மணிக்கட்டுச் சுண்டலா, முழு உடம்பின் ஆட்டமா என்று அதற்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் புள்ளி கொடுத்துவிடும். இது ஆரோக்கியமான மனிதருக்காகச் செய்த விளையாட்டு என்பதை மறக்கக்கூடாது. ஆகவே புள்ளியைப் பார்க்கவேண்டியவர் பேரன். அப்பாவின் உடம்பைப் பார்க்கவேண்டியவர் நீங்கள்.

முதுகு சாய்ந்து உட்காரக்கூடிய, கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார வையுங்கள். அவர் முதுகுக்கும் நாற்காலிச் சாய்மானத்துக்கும் நடுவில் ஒரு பழைய கொப்பியை வையுங்கள். அடிக்கும்போது கொப்பி விழுந்தால் உடம்பு முன்னால் போய்விட்டது என்று அர்த்தம். அந்த அடி கணக்கில் இல்லை என்று பேரனோடு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். கொப்பி விழாமல் அடிக்கப்போனால் முதலில் புள்ளிகள் குறையும், அப்பா சலித்துக்கொள்வார். குறைந்த புள்ளியோடு முழங்கை நீளும் அந்த அடிகள்தான் நமக்கு வேண்டியவை. முடியுமானால், முன்னால் ஒரு கை நீள தூரத்தில் ஒரு துணியைத் தொங்கவிட்டு, ஒவ்வோர் அடியிலும் அதைத் தொடச் சொல்லுங்கள்.

போலிங் விடயத்தில் அவசரப்படவேண்டாம். பாரிசவாதம் வந்த கைக்குப் பிடிப்பதை விட விடுவதே கடினம். முயற்சி கூடக்கூட விரல் இறுகும். இப்போதைக்கு, விளையாடும்போது பொத்தான் அழுத்தத் தேவையில்லாத டென்னிஸும், பேஸ்போலில் மட்டையால் அடிப்பதும் போதும். கருவி நழுவினால் அகலமான கிரேப் பண்டேஜால் தளர்வாகச் சுற்றிக் கட்டுங்கள். விரல் நுனி நீலமாகவோ குளிராகவோ ஆகாமல் பாருங்கள். தொடங்குவதற்கு முன் வெதுவெதுப்பான நீரில் கையைச் சிறிது நேரம் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மெதுவாக நீட்டிவிடுங்கள். உணர்ச்சி குறைந்த கை சூட்டை அறியாது, ஆகவே நீரின் சூட்டை உங்கள் கையால் பார்த்துக்கொள்ளுங்கள். நம் குளிரில் இது செய்யாமல் விளையாடினால் இறுக்கம் கூடும்.

விரலை விடும் பயிற்சிக்குக் கண்டித் தம்பி சொன்ன கெரம் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ட வராவிட்டால் காயின் மேல் விரல் நகத்தை வைத்துத் தள்ளட்டும். ஓரளவு நீளத் தொடங்கிய பிறகு போலிங்குக்குத் திரும்பலாம். அப்போது அந்தப் பொத்தான் நல்ல அளவுகோலாக இருக்கும்.

---

கொட்டகலை சனசமூக நிலைய உறுப்பினர் எழுதியது:

எங்கள் தோட்டத்திலும் பாரிசவாதம் வந்து வீட்டோடு இருப்பவர்கள் பல பேர். ஒவ்வொரு வீட்டுக்கும் இயந்திரம் என்பது நடக்காது. சனசமூக நிலையத்தில் டீவி இருக்கிறது, இடம் இருக்கிறது, பாடசாலை விட்ட பிறகு இளைஞர்கள் இருக்கிறார்கள். ஒரு வீ வைத்தால் எப்படி?

---

கண்டி வாசகன் எழுதியது:

இந்த யோசனைக்கு என் முழு ஆதரவும் உண்டு, அண்ணே. செலவு பல வீடுகளுக்குப் பகிரப்படும்போது நான் முன்பு எழுப்பிய கேள்வி வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆனால் நிலையத்துக்கு ஏறி வரும் பாதையைப் பற்றி யோசியுங்கள். படியேற முடியாதவருக்கு மேட்டிலுள்ள நிலையம் வைத்தியசாலையைப் போலவே தூரம்தான். இயந்திரம் சிறியது, பையில் போட்டுத் தூக்கிச் செல்லலாம். இளைஞர்கள் வாரத்துக்கு இரண்டு நாள் லயம் லயமாகக் கொண்டுபோவது, நோயாளர்களைக் கொண்டுவருவதை விடச் சுலபம்.

---

தோட்ட மருத்துவ உதவியாளர் எழுதியது:

அதோடு ஒன்று. இளைஞர்கள் தொடங்குவதற்கு முன், ஓர் இயன்மருத்துவர் ஒவ்வொரு நோயாளரையும் ஒருமுறையாவது பார்த்து, யார் உட்கார்ந்து, யார் நின்று, எந்தக் கையால், எதைச் செய்யக்கூடாது என்று ஒரு அட்டையில் எழுதிக் கொடுக்கவேண்டும். அது இல்லாமல் ஆரம்பிக்க நான் சம்மதிக்கமாட்டேன். நெடுநாள் மறுவாழ்வுக்கென்றே திகனயில் வைத்தியசாலை இருந்தாலும், மஸ்கெலியாவிலிருந்து அட்டன், நாவலப்பிட்டி, கம்பளை, கண்டி என்று கடந்து போகவேண்டியவர்களுக்கு அது அடிக்கடி போய்வரும் இடமல்ல. பக்கத்து ஆதார வைத்தியசாலைக் கிளினிக்கிலேயே இந்த அட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

---

மஸ்கெலியா மகள் எழுதியது:

கொப்பி வைக்கும் விதியைப் பேரன் மிகக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துகிறான். அப்பாவின் புள்ளிகள் பாதியாகக் குறைந்துவிட்டன. ஆனால் முழங்கை நீளுகிறது, அது எங்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. இரவலைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். சொந்தமாக வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு, உண்மையிலேயே பலன் இருக்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது? விளையாட்டுப் புள்ளியை நம்பமுடியாது என்பது விளங்கிவிட்டது.

---

பண்டாரவளை இயன்மருத்துவர் எழுதியது:

விளையாட்டுக்கு வெளியே அளக்கவேண்டும். கைக்கு: மேசையில் இரண்டு கிண்ணங்களை அருகருகே வைத்து, நடுவில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு அட்டையை நிறுத்துங்கள். ஒரு கிண்ணத்தில் ஓரங்குல அளவிலான மரத்துண்டுகள். ஒரு நிமிடத்தில் எத்தனை துண்டை ஒவ்வொன்றாக எடுத்து, அட்டைக்கு மேலால் அடுத்த கிண்ணத்தில் போடுகிறார் என்று எண்ணுங்கள். நாங்கள் கிளினிக்கில் செய்யும் சோதனையின் வீட்டு வடிவம் இது. இரண்டு மூன்று துண்டு மட்டுமே வந்தாலும் எழுதி வையுங்கள். காலுக்கு: இஸ்தோப்பில் நாற்காலியிலிருந்து 3 மீற்றரில் ஒரு கோடு போட்டு, எழுந்து, கோடுவரை வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று தொலைபேசியில் பாருங்கள், பக்கத்தில் ஓர் ஆள் நிற்கட்டும்.

இவற்றோடு அவருக்கு வேண்டிய ஒன்றையும் சேருங்கள். சட்டைப் பொத்தான் போடுவதோ, தேநீர்க் கோப்பையை வலது கையால் தூக்குவதோ, அவரே சொல்லட்டும். இவற்றை இன்று ஒருமுறை, பிறகு இரு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் ஒரே நேரத்தில், மாத்திரை போட்ட பிறகு செய்து திகதியோடு எழுதுங்கள். ஆறு வாரத்தில் எண்கள் அசையாமலே இருந்தால் இயந்திரத்துக்குப் பணம் போடவேண்டாம், கெரமையும் தாளிலுள்ள பயிற்சியையும் வேறு விதமாக அமைத்துத் தருகிறேன். அசைந்தால் வாங்குங்கள், வாங்கும்போது ஏறி நிற்கும் பலகையோடு வாங்குங்கள், ஏனென்றால் அந்தப் படிகளுக்கு அடுத்ததாக அவர் கால்தான் தயாராகவேண்டும். பலகையில் ஏற்றுவதற்கு முன் மட்டும் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிவந்து காட்டுங்கள், இந்த அளவுகளை எழுதிய கொப்பியையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.